வாரக்கடைசி வம்பு - 27: ப்ளவுஸ் தைக்க எவ்ளோ ஆகும்?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கல. ஆணி அதிகம். 3000 வார்த்தையில ஒரு அசைன்மென்ட், கூடவே ஒரு கல்யாண ஆர்டருக்கு 11 புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற வேலை. ரெண்டுல எது உருப்படியா வந்துச்சுன்னு மட்டும் கேட்டுடாதீங்க :-)

இந்த வாரம் வம்பு கிடையாது, கொஞ்சம் தொழில் பேசலாம்னு இருக்கேன். நம்ம கூட்டத்துலயே ரெண்டு பேர் தனித்தனியா மடல் போட்டிருந்தாங்க. ஒருத்தங்க சிங்கப்பூர்ல வீட்டுலயே முறுக்கு, தட்டை சுட்டு விக்கிறவங்க. இன்னொருத்தர் டொராண்டோ பக்கம் வருமானவரிக் கணக்கு எழுதித் தர்றவர். கேட்டது என்னமோ ஒரே கேள்விதான். "நீ மார்க்கெட்டிங் தானே படிக்கிற? இன்ஸ்டாகிராம்ல, ஃபேஸ்புக்ல என்னத்தைப் போட்டா ஆளுங்க நம்மளை நம்பி வருவாங்க? சும்மா லைக் போட்டுட்டுப் போறவங்க வேண்டாம். வர்றவங்க வேணும்."

காலேஜ்ல படிச்சதைச் சொல்லணும்னா ஸ்லைடை அப்படியே அனுப்பிடுவேன், நமக்கும் வேலை மிச்சம். ஆனா எனக்கு இதுல தெரிஞ்ச நாலு விஷயமும் ஈஸ்ட் ஹாம்ல ஒரு தையல் கடையில கத்துக்கிட்டது. அதனால எல்லாரும் கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்த விட்டுக்கோங்க.

ஹை ஸ்ட்ரீட் நார்த்ல நடந்தா லண்டன்ல இருக்கோமா, மதுரை டவுன்ஹால் ரோட்டுல இருக்கோமான்னு ஒரு நிமிஷம் சந்தேகம் வரும். மசால் தோசை, மல்லிகைப்பூ, நகைக்கடை எல்லாம் வரிசையா இருக்கும். அங்கே இருந்து ஒரு சந்து திரும்பினா, ரெண்டு மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் மட்டும் வெச்சிருக்கிற கடை அது. நடத்துறவங்க யாழ்ப்பாணத்து அக்கா. நான் போன வருஷம் வந்த புதுசுல ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டி இருந்து, ஊர்ல இருந்து கொண்டுவந்த ப்ளவுஸ் பத்தல. (ரெண்டே மாசம். இந்த ஊர் பிரெட்டுல என்னத்தைக் கலக்குறாங்களோ!) பிரிச்சுத் தைக்கக் கொண்டுபோனேன். பேச்சுவாக்குல என்ன படிக்கிறேன்னு கேட்டாங்க, சொன்னேன். "அப்ப உந்த இன்ஸ்டாகிராம் எல்லாம் தெரியுமே பிள்ளை?"ன்னு கேட்டாங்க. வேலை கிடைச்சது இப்படித்தான்.

இங்கே மாணவர் விசாவுல டேர்ம் நடக்கிறப்போ வாரம் 20 மணி நேரந்தான் வேலை பார்க்கலாம். சுயதொழில் கூடவே கூடாது. யாருக்காவது "உங்க பக்கத்தை நான் பார்த்துக்கறேன், மாசம் இவ்ளோ குடுங்க"ன்னு தனியா பில் போட்டேன்னா விசாவுக்கு வேட்டு. அதனால அக்கா என்னை முறையா சம்பளப் பட்டியல்ல சேர்த்துக்கிட்டாங்க. பாதி நேரம் கவுன்ட்டர், ஃபால்ஸ், ஹூக்கு. பாதி நேரம் போன்.

அப்போ கடை நிலவரம் அவ்வளவு சரியில்ல. வாடகை ஏறியிருந்துச்சு. ரெடிமேட் ப்ளவுஸ் ஆன்லைன்ல வர ஆரம்பிச்சதுல இருந்து சின்னச் சின்ன ஆர்டர் எல்லாம் குறைஞ்சு போச்சு. ஆறு மாசம் பார்க்கிறேன், சரிவராட்டி கடையைக் குடுத்துட்டு வீட்டுல ஒரு மெஷினைப் போட்டுக்கிறேன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. கடை போனா என் 20 மணி நேரமும் போகும். என் வீட்டு வாடகையும் அதுலதான் ஓடுது. ஆக நான் இதைப் படிப்புக்காகச் செய்யல மக்களே, வயித்துக்காகச் செஞ்சேன்.

முதல்ல என்ன செஞ்சேன்? எல்லாரும் செய்யறதைத்தான். மாசத்துக்கு 30 கட்டம் போட்ட ஒரு காலண்டர். திங்கள்னா உற்சாகப் பொன்மொழி, புதன்னா "நேத்து எப்படி, இன்னைக்கு எப்படி" ரீல், வெள்ளின்னா புதுப் பாட்டுக்கு ஜாக்கெட் துணி பறக்குற மாதிரி ஒரு வீடியோ. விலை கேட்டா சொல்லக் கூடாது, "தனிச் செய்தி அனுப்புங்க"ன்னு சொல்லணும், அப்போதான் பேச்சு வளரும்னு எங்கேயோ படிச்சிருந்தேன். அனுப்பினா தானா ஒரு பதில் போகும்: "வணக்கம் அன்புத் தோழி! உங்கள் கனவு ப்ளவுஸுக்கு ஒரே ஒரு படி தூரத்தில் இருக்கிறீர்கள்!" இதை எழுதினது சாட்சாத் நானேதான். இப்போ படிச்சா எங்கேயாவது போய் முட்டிக்கணும் போல இருக்கு.

எண்ணிக்கை ஏறுச்சு, அதை மறைக்க மாட்டேன். ஒரு ரீல் 40 ஆயிரம் பேர்கிட்ட போச்சு. வகுப்புல காட்டிப் பெருமைப்பட்டுக்கிட்டேன். அந்த மாசம் அதைப் பார்த்துட்டுக் கடைக்குள்ள வந்தவங்க நாலு பேர். அதுல ஒருத்தங்க பக்கத்துல கழிவறை எங்கே இருக்குன்னு கேட்க வந்தவங்க. மீதிப் பார்வையெல்லாம் கோயம்புத்தூர், கொழும்பு, கோலாலம்பூர். "சூப்பர் சிஸ்", நெருப்பு, இதயம். ஈஸ்ட் ஹாம்ல இருந்து அரை மணி நேரத்துல கடைக்கு வரக்கூடிய ஒரு பொண்ணுக்கு எங்ககிட்ட என்ன கிடைக்கும்னு அந்த ரீல் ஒண்ணுமே சொல்லல. துணி பறந்துச்சு, அவ்ளோதான்.

இதே நேரத்துல கூடப் படிக்கிற ஒருத்தன் வேற யோசனை குடுத்தான். கூகுள்ல அஞ்சு நட்சத்திர விமர்சனம் காசுக்குக் கிடைக்கும், ஒரு 30 வாங்கிப் போடுன்னான். 2025 ஏப்ரல் 6-ல இருந்து இங்கே போலி விமர்சனம் வாங்குறது, போடுறது எல்லாம் நுகர்வோர் சட்டப்படி நேரடியாவே தடை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அக்காகிட்ட இதைச் சொல்லியிருந்தா கத்திரிக்கோலை எந்தப் பக்கமா நீட்டியிருப்பாங்களோ தெரியாது. அந்த வகையில தப்பிச்சேன்.

தப்பிக்காதது வேற ஒரு இடத்துல.

ஒரு கல்யாணப் பொண்ணோட முகூர்த்த ப்ளவுஸ் தயாரா இருந்துச்சு. முதுகுல அன்னம், கையில முழுக்க ஆரி வேலை. எனக்குப் பார்த்ததுமே கை துறுதுறுன்னு வந்துருச்சு. பொம்மைக்குப் போட்டுப் படம் எடுத்து, "இந்த மாத மணமகளுக்காக"ன்னு போட்டேன். மறுநாள் பொண்ணோட அம்மா கடைக்கு வந்தாங்க. கத்தல, அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. "அவளுக்கு இது ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்த சாமான். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளையள் எல்லாம் நேற்று இரவே பாத்திட்டினம்"னு சொன்னாங்க. துணியை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. மீதி ஏழு ப்ளவுஸ் ஆர்டரும் போச்சு.

அக்கா அன்னைக்கு என்னைத் திட்டல. சாயங்காலம் ஷட்டரை இறக்குறப்போ மட்டும் கேட்டாங்க. "அந்தப் பிள்ளையைக் கேட்டனீரோ?"

"இல்லக்கா."

"ஏன் கேக்கேல்லை?"

பதில் சொல்ல முடியல. கேட்கணும்னு தோணவே இல்ல, அதுதான் உண்மை. எனக்கு அது அந்தப் பொண்ணோட ப்ளவுஸாத் தெரியல. வெள்ளிக்கிழமைக் கட்டமாத் தெரிஞ்சுச்சு.

அன்னைக்கு ராத்திரி காலண்டரை அழிச்சேன். ரெண்டு வாரம் ஒண்ணுமே போடல. கவுன்ட்டர்ல உட்கார்ந்து, போன்லயும் நேர்லயும் வர்றவங்க என்ன கேட்கிறாங்களோ அதை மட்டும் அக்காவோட அளவுக் கொப்பிக்குப் பின்னாடி எழுதிக்கிட்டு வந்தேன். இந்த ஒரு வேலைதான் நான் செஞ்சதுலயே உருப்படி. எப்பவும் முதல் கேள்வி, ப்ளவுஸ் தைக்க எவ்ளோ ஆகும்? அப்புறம், அளவு ப்ளவுஸ் குடுத்தாப் போதுமா, ஆளே வரணுமா? தோள்பட்டை வழுக்குது, ஏன்? போன வருஷம் தைச்சது பத்தல, பிரிக்க முடியுமா? புடவையோட வர்ற துணி என் உடம்புக்குப் போதுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிறவங்க எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கிட்டுதான் கேட்டாங்க. குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி எதுவோ, அதைத்தான் யாரும் பொதுவுல பின்னூட்டமாப் போட மாட்டாங்க. ராத்திரி தனியா தேடுவாங்க.

இப்படிக் கேள்விக்குப் பதில் எழுதியே பிழைச்சவங்க உண்டு. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல மார்கஸ் ஷெரிடன்னு ஒருத்தர், வீட்டுத் தோட்டத்துல நீச்சல் குளம் போட்டுத் தர்ற கம்பெனி. 2008 பொருளாதாரச் சரிவுல கம்பெனி முங்கப் போற நிலைமை. 2009-ல இருந்து அவர் செஞ்சது, வாடிக்கையாளர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து இணையத்துல பதில் எழுதினதுதான். குளம் போட எவ்ளோ ஆகும், ஃபைபர்கிளாஸ் குளத்துல என்னென்ன தொல்லை வரும், எங்களை விட்டா வேற யார்கிட்ட போகலாம். போட்டிக்காரங்க யாரும் விலையை வெளியே சொல்லாத தொழில்ல இவர் சொன்னார். கம்பெனி பிழைச்சுது. அதுக்கு முன்னாடியே 2005-ல, லண்டன் சாவில் ரோவுல கட்டரா இருந்த தாமஸ் மாஹன்ங்கிற தையல்காரர், ஹியூ மெக்லவுட்னு ஒரு விளம்பரக்காரரோட சேர்ந்து வலைப்பதிவு தொடங்கினார். நம்ம மாதிரியே :-) கம்ப்ரியாவுல உட்கார்ந்துக்கிட்டு, கோட்டு எப்படி வெட்டுறது, எதுக்கு இவ்வளவு விலைன்னு எழுத எழுத, அமெரிக்காவுல இருந்தெல்லாம் ஆளுங்க தேடி வந்தாங்க.

மாஹன் முன்னாடி வேலை பார்த்த கடையோட கோட்டுக்கு ஒரு பேர் உண்டு. கைக்குழி சின்னதா, மேலே ஏத்தி இருக்கும், அதனால கையைத் தூக்கினா கோட்டு கூடவே தூக்காதுன்னு. இதை நான் அக்காகிட்ட சொன்னேன். அக்கா சிரிச்சுட்டாங்க. "உதைத்தானே நான் முப்பது வருசமாச் சொல்லுறன். எல்லாரும் கைக்குழியைப் பெரிசா வெட்டு எண்டுவினம். பெரிசா வெட்டினா கையைத் தூக்கேக்க முழுச் சட்டையும் மேல வரும்."

"அக்கா, இதை அப்படியே இன்னொரு தரம் சொல்லுங்க"ன்னு போனை எடுத்தேன். முகம் வேண்டாம்னாங்க. கை மட்டும் எடுத்தேன். மேசை, சோக்கு, அடிஸ்கேல், பழைய ப்ளவுஸ் ஒண்ணு, அக்காவோட கை. பாட்டு கிடையாது. பின்னாடி கேட்கிற மெஷின் சத்தங்கூட அப்படியே இருந்துச்சு. நான் எழுதிக் குடுத்த வசனத்தை ஒரு வரி படிச்சுட்டு, "இது ஆர் கதைக்கிறது?"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க பாஷையிலயே பேசினாங்க.

அப்புறம் கொப்பியில இருந்த வரிசையிலயே போனோம். முதல் வீடியோ விலை. சாதா லைனிங் ப்ளவுஸ் இவ்ளோ, பைப்பிங் வெச்சா இவ்ளோ, ஆரி வேலைன்னா எங்கே தொடங்கும், ஏன். விலையைச் சொன்னா ஆளு ஓடிருவாங்கன்னு எனக்கு பயம். ஓடினாங்கதான். ஆனா அவங்க எப்படியும் கடை வரைக்கும் வந்து, துணியைத் தடவிப் பார்த்து, அரை மணி நேரம் பேசிட்டு ஓடுறவங்க. இப்போ வீட்டுல இருந்தே ஓடிட்டாங்க.

தோள்பட்டை வழுக்குறதுக்குப் பதில்: முன்கழுத்து, பின்கழுத்து ரெண்டையும் அகலமா வெட்டினா துணி எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? ஒண்ணைக் குறைங்க, இல்லேன்னா பின்னாடி கயிறு வெச்சுக் கட்டுங்க. பிரிக்கிற கேள்விக்கு: பக்கத் தையல்ல உள்ளே துணி விட்டிருந்தா முடியும். உங்க ப்ளவுஸை உள்பக்கம் திருப்பி விரலை வெச்சுப் பாருங்க, ஒரு விரல் அகலங்கூட இல்லேன்னா கடைக்கு வந்து பஸ் காசை வீணாக்காதீங்க. பட்டுன்னா பிரிச்ச இடத்துல பழைய ஊசித்தடம் தெரியும், அதையும் சொல்லிடுறோம். லைனிங் துணியைத் தண்ணியில நனைச்சுக் காய வெச்சுட்டுத்தான் வெட்டணும், இல்லேன்னா முதல் துவையல்ல அது சுருங்கி மேல்துணியை இழுக்கும். இதை எந்தத் தையல்காரர்கிட்ட குடுத்தாலும் கேளுங்கன்னு அக்கா சொன்னாங்க. "எந்தத் தையல்காரர்கிட்ட குடுத்தாலும்"ங்கிறதை வெட்டிடலாமான்னு கேட்டேன். விட்டிருங்கோன்னாங்க.

நாங்க செய்யாத வேலைன்னு ஒண்ணு போட்டோம். ரெண்டு நாள்ல ஆரி வேலை முடியாது. லெஹங்கா தைக்க மாட்டோம். அதுக்கு இன்னொரு தெருவுல இருக்கிற கடையோட பேரைச் சொல்லி அங்கே போகச் சொன்னோம். அந்தக் கடைக்காரம்மா மறு வாரம் எங்க கடைக்கு வந்து ஒரு டப்பா வட்டிலப்பம் குடுத்துட்டுப் போனாங்க. (மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்துல இதுக்கு என்ன பேர்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.)

எண்ணிக்கை தொபுக்கடீர்னு விழுந்துச்சு. 40 ஆயிரம் பார்த்த எனக்கு 700 பார்வை, 900 பார்வை. இன்ஸ்டாகிராம் 2016-லயே நேர வரிசையை விட்டுட்டு, எது உனக்குப் பிடிக்கும்னு தானே முடிவு பண்ணிக் காட்ட ஆரம்பிச்சிருச்சு. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில கடைகளோட பதிவைக் குறைச்சு, உறவுகள், நண்பர்கள் பதிவை முன்னாடி கொண்டு வர்றோம்னு அறிவிச்சுது. இதோட மல்லுக்கட்டி நம்மால ஜெயிக்க முடியாது. ஆனா அந்த 700 பேர் வேற மாதிரி இருந்தாங்க. சேமிச்சு வெச்சாங்க. அக்காவுக்கு, அம்மாவுக்கு, ஃபிரெண்டுக்கு அனுப்பினாங்க. கேள்வி கேட்டாங்க. இதயம் போடல, கேள்வி கேட்டாங்க! நம்ம பதிவுலகத்துல "அருமை, கலக்கல்"னு 40 பின்னூட்டம் வர்றதுக்கும், "அந்த மூணாவது பத்தி எனக்கு ஒத்துவரல, ஏன்னா..."ன்னு ஒண்ணு வர்றதுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

தானியங்கிப் பதிலை நிறுத்திட்டேன். கடை சாத்தினதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், அக்கா டீயோட உட்கார்ந்து குரல் பதிவுல பதில் சொல்லுவாங்க. நான் அனுப்புவேன். இது சுலபம்னு நினைக்காதீங்க முறுக்கு அக்கா, நிஜமாவே கழுத்து நோவும். சில நாள் பத்துக் கேள்வி வரும், அதுல எட்டுப் பேர் எங்ககிட்ட தைக்கவே முடியாத தூரத்துல இருப்பாங்க. ஒருத்தங்க நார்வேயில தானே தைச்சுப் பழகுறவங்க. அக்கா அவங்களுக்குக் கட்டோரி வெட்டுறதை மூணு நாளா சொல்லிக் குடுத்தாங்க. இதுல நமக்கு என்ன வரும்னு நான் கேட்டேன். "அவ பழகட்டும்"னு மட்டும் சொன்னாங்க. கணக்குப் பார்த்தா வேஸ்ட்டு. ஆனா எந்த எட்டுப் பேர் வரமாட்டாங்க, எந்த ரெண்டு பேர் வருவாங்கன்னு முன்னாடியே பிரிச்சுப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பிச்சா, அந்த ரெண்டு பேருக்கும் அது குரல்லயே தெரிஞ்சிரும்னு நினைக்கிறேன்.

கடைக்கு வர்றவங்க மாறினாங்க. உள்ளே நுழையறப்பவே "அக்கா, உங்க கையைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, நீங்கதானே?"ம்பாங்க. தன் வீட்டுக் கதை சொல்லுவாங்க. அக்காவுக்கு இது பெரிய குழப்பம். "என்னைக் கனகாலம் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கினம். எனக்கு இவை ஆரெண்டே தெரியாது பிள்ளை." இதுக்கு 1956-லயே ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஹார்ட்டனும் வோலும், கட்டுரை எழுதியிருக்காங்க. டிவியில வர்றவர் நேரா நம்மளைப் பார்த்துப் பேசுறதால, பார்க்கிறவங்களுக்கு அவர் நெருங்கின ஆள் மாதிரி ஆகிடுறார், ஆனா அந்த நெருக்கம் ஒரு பக்கந்தான் இருக்குன்னு. இன்னைக்கு எங்க வகுப்புல இதை ஒரு உத்தியாவே சொல்லித் தர்றாங்க. "உண்மைத்தன்மையை வெளிப்படுத்துவதற்கான ஐந்து வழிகள்"னு ஸ்லைடு இருக்கு, சத்தியமா. உண்மையா இருக்கிற மாதிரி நடிக்கிறதுக்கு வழி அஞ்சாம், அவ்வ்வ்வ். அக்கா செஞ்சது வேற. தனக்கு ஆள் தெரியலையேன்னு வெட்கப்பட்டு, வந்தவங்க பேர், எந்த ஊர், யாரோட கல்யாணம்னு அளவுக் கொப்பியில அளவுக்குப் பக்கத்துலயே எழுதி வெச்சுக்க ஆரம்பிச்சாங்க. அடுத்த தரம் வந்தா "தங்கச்சியின்ர கலியாணம் வடிவா முடிஞ்சுதோ?"ன்னு கேட்பாங்க. ஒரு பக்கமா இருந்ததைத் தன்னால முடிஞ்ச அளவுக்கு ரெண்டு பக்கமாக்குறாங்க, அவ்வளவுதான்.

இப்போ சொல்லப் போறதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். எழுதலாம்னு சம்பந்தப்பட்டவங்களே சொன்னதால எழுதுறேன். அடையாளம் எதையும் சொல்ல மாட்டேன்.

ஒரு ராத்திரி ஒரு மணி வாக்குல தனிச் செய்தி. பிரிக்கிற வீடியோவைப் பார்த்ததாவும், ஒரு கேள்வி இருக்குறதாவும் எழுதியிருந்தாங்க. அப்புறம் அதை அழிச்சுட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி வந்துச்சு. மார்புப் புற்றுநோய். ஒரு பக்கம் முழுசா எடுத்தாச்சு. ரெண்டு வருஷமாப் புடவையே கட்டல. மகனுக்குக் கல்யாணம். தைப்பீங்களா?

காலையில பார்த்தேன். உடனே உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன், நல்லாவே எழுதினேன். உங்க தைரியம், உங்க பயணம், நாங்க இருக்கோம்... அக்கா படிச்சுட்டுப் போனைக் கீழே வெச்சாங்க. "அவ தைரியத்தைப் பற்றிக் கேக்கேல்லையே. தைப்பீங்களோ எண்டு கேட்டவ." நம்பர் வாங்கச் சொல்லிட்டு அவங்களே கூப்பிட்டாங்க. நான் பக்கத்துல இருந்தேன். "நான் இதுவரை இப்பிடித் தைக்கேல்லை. ஆனா தைக்கலாம் எண்டு நினைக்கிறன். திங்கக்கிழமை கடை பூட்டு. வாங்கோ, ஒருத்தரும் இருக்க மாட்டினம். சரிவராட்டித் துணிக்காசு என்ர பொறுப்பு." மொத்தம் ரெண்டு நிமிஷம்.

இங்கே அந்த அறுவை சிகிச்சை முடிஞ்சவங்களுக்குச் செயற்கை மார்பு, உள்ளாடைக்குள்ள வெச்சுக்கிறது, என்ஹெச்எஸ் மூலமாவே கிடைக்கும். அதை ப்ளவுஸோட லைனிங்லயே ஒரு பாக்கெட் மாதிரி வெச்சுத் தைச்சா நகராது. கழுத்தை ஒரு இஞ்சு ஏத்தணும், கைக்குழியை இன்னும் உயர்த்தணும், ஹூக்கைக் குனியாம மாட்டுற மாதிரி முன்னாடி வைக்கணும். பழைய வெள்ளைத் துணியில மூணு தரம் மாதிரி தைச்சுப் பார்த்துட்டுத்தான் பட்டுல கத்திரியை வெச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு அக்கா கை நடுங்கினது அன்னைக்கு மட்டுந்தான்.

காசு வாங்க மாட்டாங்கன்னு நினைச்சேன். வழக்கமான விலையை அப்படியே வாங்கினாங்க. அவங்க போனதும் கேட்டேன். "காசு வாங்காட்டி அவ திரும்பி வரமாட்டா பிள்ளை. பாவம் பாத்துத் தந்தது எண்டு நினைப்பா."

இங்கேதான் என் புத்தி. "அக்கா, முகம் காட்டாம, அவங்க பேர் சொல்லாம, இந்தக் கதையைப் போட்டா..."ன்னு ஆரம்பிச்சேன். உண்மையிலேயே உண்மையான கதை. இதைவிட மனசைத் தொடுறது கிடைக்குமா? அக்கா ஒண்ணும் பேசல. அளவுக் கொப்பியை எடுத்து அவங்க பக்கத்தை மட்டும் மடிச்சு, ஸ்டேப்ளர் அடிச்சு வெச்சாங்க. அன்னம் போட்ட ப்ளவுஸ் ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு அவங்களே கடைக்கு வந்தாங்க, வேற ஒருத்தங்களையும் கூட்டிக்கிட்டு. ஆஸ்பத்திரியில பழக்கமானவங்களாம். அப்போதான் அக்கா, "இப்பிடித் தைக்கலாம் எண்டு மற்றாக்களுக்குத் தெரியப்படுத்தட்டோ?"ன்னு கேட்டாங்க. தாராளமாப் போடுங்க, ஆனா என் புடவைக் கலர்கூடத் தெரியக் கூடாதுன்னாங்க. வெள்ளைத் துணியிலதான் எடுத்தோம். 40 நொடி. லைனிங்ல பாக்கெட் தைக்கிற அக்காவோட கை. கடைசியில, "ஒப்பரேசன் செய்தாக்களுக்கும் தைப்பம். கதைக்க விருப்பமெண்டா கோல் எடுங்கோ, எழுதத் தேவையில்லை." கீழே யாரும் எதுவும் எழுதாத மாதிரி பின்னூட்டத்தை மூடி வெச்சேன்.

212 பார்வை. நான் கடைசியாப் பார்த்தப்போ அவ்வளவுதான்.

கடை இன்னும் இருக்கு. ஆறு மாசக் கெடு முடிஞ்சப்போ அக்கா அதைப் பத்திப் பேச்சே எடுக்கல, நானும் ஞாபகப்படுத்தல. (எதுக்கு வம்பு!) வருமானவரி அண்ணே, உங்க தொழில்ல குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி நிறைய இருக்கும்னு தோணுது. ரெண்டு வாரம் எழுதி வெச்சுப் பாருங்க. ஆனா யார் கேட்டாங்கன்னு மட்டும் எழுதாதீங்க.

போன திங்கக்கிழமை கடை பூட்டி இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் உள்ளே இருந்தோம், மேலே சொன்ன 11 புடவையோட. போன் அடிச்சுது. பர்மிங்ஹாம்ல இருந்து. அக்கா "ஓம், சொல்லுங்கோ"ன்னு எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் ஆறாவது புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒன்பதாவது முடிக்கிறப்போதான் வெளியே வந்தாங்க. வந்ததும் டீ போடச் சொன்னாங்க.

டிஸ்கி: அசைன்மென்ட் மார்க் இன்னும் வரல. வந்தாலும் சொல்ற மாதிரி இருந்தாத்தான் சொல்லுவேன். வரட்டா :-)